ஒகேனக்கல்லுக்குக் குறைந்த செலவில் போய் வருவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒகேனக்கல் என்றால் அருவிக் குளியல் மட்டும்தானே? அதற்கா அவ்வளவு தூரம்?

அருவியில் குளித்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பவர்கள் பாதி ஒகேனக்கல்லைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கர்நாடகத்திலிருந்து காட்டு வழியாக இறங்கி வரும் காவிரி இங்கே பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, குறுகலான பள்ளத்துக்குள் விழுகிறது. விழுந்த பிறகு இரண்டு பக்கமும் பாறைச் சுவர் உயர்ந்து நிற்க, அதன் இடுக்கில் ஓடுகிறது. அந்த இடுக்குக்குள் பரிசலில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்திப் பாறையையும் அதன் மேலிருந்து கொட்டும் தண்ணீரையும் பார்ப்பதுதான் இங்கே விசேஷம். ஓரிடத்தில் ஆற்றின் ஒரு கரை தமிழ்நாடு, எதிர்க்கரை கர்நாடகம்.

பாறைகளைப் பற்றி ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை இந்தப் பகுதியில் கிடைக்கிறது. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அருவிக்குப் போகிற கூட்டத்தில் அதைத் தேடிப் போகிறவர்கள் புவியியல் மாணவர்கள்தான்.

எந்த மாதம் போனால் நல்லது?

மாதத்தைப் பார்த்துப் போகாதீர்கள், கன அடியைப் பார்த்துப் போங்கள். சிக்கனமாகப் போய் வர நினைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. காவிரி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. தண்ணீரும் இங்கேதான் அளந்து கணக்கில் ஏறுகிறது. "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று செய்தித்தாளில் தினமும் வரும் எண் அங்கே அளக்கப்படுவதுதான். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 6,000 கன அடி என்று போட்டிருந்தால் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 1,70,000 லிட்டர் தண்ணீர் உங்கள் முன்னால் ஓடப்போகிறது என்று அர்த்தம்.

இந்த எண்ணை வைத்து அங்கே என்ன கிடைக்கும் என்று வீட்டிலிருந்தே ஓரளவு கணித்துவிடலாம். சில நூறு கன அடி என்றால் பாறைதான் அதிகம் தெரியும், அருவி மெலிந்திருக்கும். 2024 கோடையில் அப்படித்தான் இருந்தது. இரண்டாயிரத்திலிருந்து ஏழெட்டாயிரம் வரை இருந்தால் யோசிக்காமல் கிளம்பலாம்: அருவியில் வேகம் இருக்கும், குளிக்கவும் பரிசலில் போகவும் பெரும்பாலும் அனுமதி இருக்கும். பத்தாயிரத்தை நெருங்கினால் உஷாராகிவிட வேண்டும், தடை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கும் மேலே போய்ப் பல பத்தாயிரங்களை எட்டினால் இங்குள்ள ஐந்தருவியே மூழ்கிவிடும். கரையிலிருந்து செம்மண் நிறத்தில் ஓடும் வெள்ளத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். 2019 ஆகஸ்டில் இது 2 லட்சம் கன அடியையும் தாண்டியது.

இந்த எல்லைகள் எல்லாம் அனுபவக் கணக்கு. அனுமதிப்பதும் தடுப்பதும் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்த்து முடிவெடுப்பார்கள். ஒரே 8,000 கன அடிக்கு ஒரு வாரம் அனுமதியும் மறு வாரம் தடையும் வர வாய்ப்பு உண்டு.

தருமபுரியில் மழையே இல்லையே, ஆற்றில் எப்படி வெள்ளம் வரும்?

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒகேனக்கல்லின் தண்ணீரைத் தீர்மானிப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. அங்கே மழை பிடித்து, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி, உபரி நீரைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் அது இங்கே வந்துவிடும். தருமபுரியில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆற்றில் நுரை பொங்கும்.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கர்நாடக அணைகளில் எவ்வளவு திறந்தார்கள் என்ற செய்தியைப் படித்தால், வரும் வார இறுதியில் ஒகேனக்கல் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அக்டோபருக்குப் பிறகு கதை வேறு. அப்போது அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் பக்கம் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தாலே காலையில் நீர்வரத்து சட்டென்று கூடிவிடும். அதற்கு இரண்டு நாள் முன்னறிவிப்பெல்லாம் கிடையாது.

பஸ்ஸில் எப்படிப் போவது?

தருமபுரிக்கு வந்துவிட்டால் பிறகு கவலை இல்லை. அங்கிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். தருமபுரி பஸ் நிலையத்தில் நேரடி பஸ்கள் உண்டு. நேரடி பஸ் கிடைக்காவிட்டால் பென்னாகரம் வரை ஏறிவிடுங்கள், அங்கிருந்து 16 கிலோமீட்டர்தான். சேலத்திலிருந்தும் பஸ் இருக்கிறது.

பெண்கள் கவனிக்க: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. இந்தத் தடத்தில் அப்படி ஒரு வண்டி வந்தால் அதில் ஏறிக்கொள்ளுங்கள். கொஞ்சம் நின்று நின்று போகும், ஆனால் போய்ச் சேர்த்துவிடும். புறநகர் பஸ்ஸுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பதால், ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ரயிலில் வந்தால் மிச்சமாகுமா?

ஆகும். பெங்களூரு, ஓசூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தருமபுரியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் மொரப்பூரை மறந்துவிடுகிறார்கள். ஜோலார்பேட்டை–சேலம் பாதையில் இருக்கும் அந்த நிலையத்தில் கோவை எக்ஸ்பிரஸ், ஏற்காடு எக்ஸ்பிரஸ் போன்ற சில ரயில்கள் நிற்கும். இறங்கி, பஸ் பிடித்துத் தருமபுரி வந்து, அங்கிருந்து ஒகேனக்கல். ஆம்னி பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் முன்பதிவில்லாப் பெட்டியின் டிக்கெட் காசு ஒன்றுமே இல்லை. நடு ராத்திரியில் மொரப்பூரில் இறங்கும் ரயிலாக இருந்தால் மட்டும், குடும்பத்தோடு வருபவர்கள் விடியும்வரை எங்கே உட்காருவது என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

பைக்கில் போகலாமா?

பகலில் தாராளமாக. பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். அது யானைகள் குறுக்கே கடக்கும் காடு, வறட்சிக் காலத்தில் தண்ணீர் தேடி இன்னும் அதிகமாக வரும். ஆகவே இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஹாரன் அடிப்பதும் செல்பி எடுப்பதும் அங்கே வேண்டாத வேலை.

ஓசூரிலிருந்து வருபவர்கள் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகவும் வரலாம். அழகான வழி, அடர்ந்த காடு, ஆள் நடமாட்டம் குறைவு. பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

பரிசலுக்கு எவ்வளவு ஆகும்? பேரம் பேசலாமா?

கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஒரு பரிசலுக்கு இவ்வளவு. தொகை கவுண்டரில் எழுதியிருக்கும், அங்கேயே சீட்டு வாங்க வேண்டும். ஒரு பரிசலில் நான்கு பேர். அதனால் இரண்டு பேராகப் போனால் தலைக்கு இரண்டு மடங்கு விழும். சிக்கனத்துக்கு எளிய வழி, நான்கு பேராகச் சேர்ந்து போவது. இருவராக வந்திருந்தால் வரிசையில் இன்னொரு ஜோடி நிற்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களுக்கும் அதே கணக்குதானே.

சீட்டு வாங்கிய பிறகு "இன்னும் கொஞ்சம் உள்ளே கூட்டிப் போகிறேன், தனியாகக் கொடுங்கள்" என்று ஓட்டுநர் கேட்கக்கூடும். ஏறும் முன்பே எந்தத் துறையிலிருந்து எந்த இடம் வரை, எவ்வளவு நேரம் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டால் நடு ஆற்றில் சங்கடம் இருக்காது. தண்ணீரின் அளவைப் பொறுத்துப் பாதை மாறும். சாதாரண நாட்களில் ஐந்தருவி, மணல்திட்டுப் பக்கம் போய்த் திரும்புவார்கள். தண்ணீர் கூடினால் பாதையைச் சுருக்கிவிடுவார்கள், கட்டணம் சுருங்காது. இதற்கும் கன அடியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் மருந்து.

ஒகேனக்கல்லில் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதைப் பரிசலுக்குச் செய்யுங்கள். அறை, மசாஜ், மீன் எல்லாவற்றையும் விட்டுவிடலாம். பாறை இடுக்கை ஆற்றின் மட்டத்திலிருந்து பார்க்க வேறு வழி இல்லை.

பரிசல் பாதுகாப்பானதா?

பரிசல் மூங்கிலால் பின்னிய வட்டமான படகு. அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தார் பூசுகிறார்கள். தட்டையான அடிப்பகுதி என்பதால் ஆழமில்லாத, பாறை நிறைந்த தண்ணீரில் நன்றாகப் போகும். விபத்துகள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் அதிகம் பேரை ஏற்றியதாலும் உள்ளே எழுந்து நின்றதாலும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கொடுப்பது கிழிந்திருந்தாலோ கொக்கி மாட்டாவிட்டாலோ வேறு கேளுங்கள். குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டால் தண்ணீரில் விழும்போது தலை வழியாகக் கழன்றுவிடும், அதைக் கட்டாயம் பாருங்கள். சீட்டு இல்லாமல், அனுமதிக்காத துறையிலிருந்து "பாதி விலைக்கு" கூட்டிப் போகிறேன் என்பவரிடம் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

காசே கொடுக்காமல் என்னவெல்லாம் பார்க்கலாம்?

ஆற்றங்கரையில் நடப்பது, கரையிலிருந்து ஆற்றைப் பார்ப்பது, அனுமதிக்கும் இடத்தில் குளிப்பது, கோவிலுக்குப் போவது எல்லாம் இலவசம். தொங்குபாலம், முதலைகள் மறுவாழ்வு மையம், மீன் காட்சியகம் போன்றவற்றுக்குச் சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. இவற்றில் தொங்குபாலத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஆறு பாறைகளில் பிரிந்து விழுவதை மேலிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். முதலைப் பண்ணை குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

எங்கே குளிப்பது? ஆற்றில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாமா?

கூடவே கூடாது. மெயின் அருவியில் கம்பித் தடுப்புக்குள்ளும், அனுமதித்த மற்ற இடங்களிலும் மட்டும்தான். மேல்பரப்பு அமைதியாகத் தெரியும் இடங்களில் பாறைக்கு அடியில் சுழல் இருக்கும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடங்களில் ஒவ்வோர் ஆண்டும் உயிர்கள் போகின்றன, அதிலும் இளைஞர்கள்தான் அதிகம். பாறையில் பாசி வழுக்கும். பிடிமானமுள்ள செருப்போடு போங்கள்.

எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா?

விருப்பம் இருந்தால். எண்ணெய் தேய்த்துவிட்டு அருவியில் நிற்பது இந்த ஊரின் பழைய வழக்கம், அதை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அடையாள அட்டை வைத்திருப்பவரிடம் போங்கள். உட்காரும் முன் இரண்டு கேள்வி: எவ்வளவு, அதில் எண்ணெயும் சேர்த்தியா? பாதி தேய்த்த பிறகு கேட்டால் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அருவியில் குளிக்கத் தடை இருக்கும் நாளில் மசாஜ் செய்துகொண்டால், எண்ணெயைக் கழுவக் குளியலறை தேடி அலைய வேண்டும்.

மீன் சாப்பாடு மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம் மெனக்கெட்டால். கடையில் வறுத்து வைத்திருக்கும் துண்டைத் துண்டுக் கணக்கில் வாங்கினால் காசு கரைந்துவிடும். அதைவிட மீன் விற்கும் இடத்தில் கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை என்று எது புதிதாக இருக்கிறதோ அதை எடை போட்டு வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு குழம்பும் வறுவலும் செய்து கொடுப்பார்கள். அரிசி, எண்ணெய், மசாலா நீங்கள் வாங்கித் தர வேண்டுமா, அவர்களே போட்டுக்கொள்வார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும். ஆறேழு பேர் இருந்தால் இது நிச்சயம் லாபம். இரண்டு பேருக்கு ஓட்டலில் மீன் சாப்பாடே போதும்.

வந்து இறங்கியவுடன் மீனை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போங்கள். திரும்பி வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். எல்லாம் முடித்துவிட்டு ஒரு மணிக்கு மீன் வாங்கினால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்று மணி வரை பசியோடு உட்கார வேண்டியதுதான். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வந்தால் இந்தச் செலவே இல்லை. ஆனால் குரங்குகள் இருக்கின்றன. பையைக் கையிலேயே வைத்திருங்கள்.

ராத்திரி தங்க வேண்டுமா?

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குத் தேவையே இல்லை. காலை பஸ்ஸில் வந்து மாலை திரும்பிவிடலாம். சென்னையிலிருந்து வருபவர்கள் ராத்திரி ரயிலில் வந்து, பகல் முழுக்க இருந்துவிட்டு, மறுபடி ராத்திரி கிளம்பினால் அறை வாடகை மிச்சம், உடம்புதான் கேட்காது.

தங்கியே ஆக வேண்டும் என்றால் ஒகேனக்கல்லிலேயே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, தனியார் லாட்ஜுகளும் உண்டு. விடுமுறை நாட்களில் வாடகை எகிறும். அப்போது பென்னாகரத்திலோ தருமபுரியிலோ அறை எடுப்பது மலிவு. தங்குவதில் ஓர் ஆதாயம் இருக்கிறது: முதல் பஸ் கூட்டம் வருவதற்கு முன், காலையில் ஆற்றங்கரை உங்களுக்கே உங்களுக்கு.

எந்த நாட்களைத் தவிர்ப்பது?

ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், கோடை விடுமுறையின் ஞாயிறுகள். தர்ப்பணம் கொடுக்க வருபவர்களால் ஆடி, தை, மகாளய அமாவாசைகளிலும் கூட்டம் இருக்கும். ஆடி 18 அன்று அந்தக் கூட்டத்தையே பார்க்க வருகிறவர்கள் வரலாம், அது ஒரு தனி அழகு. பரிசலுக்காக வருபவர்கள் செவ்வாய், புதன் என்று ஏதாவது ஒரு நாளில் வாருங்கள்.

கையில் பணமாக எடுத்துப் போக வேண்டுமா?

கொஞ்சம் சில்லறையோடு. பள்ளத்தாக்கு என்பதால் செல்போன் சிக்னல் இடத்துக்கு இடம் மாறும், ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். மாற்றுத் துணி, துண்டு, போனுக்கு ஒரு நீர்புகாப் பை, தண்ணீர் பாட்டில். காட்டில் பிளாஸ்டிக்கைப் போடாதீர்கள்.

திரும்பும் பஸ்?

இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியில் ஏறுவது உத்தமம். தவறவிட்டால் வாடகை வண்டிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு முறை ஒகேனக்கல் வந்து போகலாம்.

டிக்கெட் எடுத்துவிட்டோம், விடுப்பும் போட்டாகிவிட்டது. கிளம்பும் நாளில் தடை விதித்துவிட்டார்கள். என்ன செய்வது?

ஓரிரு நாள் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள், அணைகளில் திறப்பு குறைந்தால் தடையும் நீங்கும். முடியாது என்றால் மேட்டூருக்குப் போங்கள். ஒகேனக்கல்லைத் தாண்டும் தண்ணீர் முழுக்க அங்கேதான் போய்ச் சேருகிறது. 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஒகேனக்கல்லில் பல நாள் தடை என்றால் மேட்டூர் நிரம்பிக்கொண்டிருக்கிறது அல்லது நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நிரம்பிவிட்டால் 16 கண் மதகு வழியாக உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், அதைப் பார்க்கவே சுற்று வட்டாரத்திலிருந்து ஜனம் திரண்டு வரும். பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கக் காசு கிடையாது. தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மேட்டூருக்கு பஸ் இருக்கிறது. மதகு திறந்திருக்கிறதா என்பதைக் காலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், ஒகேனக்கல் நீர்வரத்துக்குப் பக்கத்திலேயே மேட்டூர் நீர்மட்டத்தையும் போட்டிருப்பார்கள்.